எம்.பி.ஏ. படிக்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு: பி.காம். கடைசி வருஷம். டான்செட் (எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வு) எழுதினால் சீட் வந்துவிடுமா?

வராது. வருஷா வருஷம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. கலந்தாய்வு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் பொறுப்பு. மதிப்பெண் தானாக அங்கே போகாது. கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பித்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தேர்வு 100 கேள்வி, 2 மணி நேரம். மூன்று தவறு ஒரு சரியான விடையைத் தின்றுவிடும், அதனால் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45.

ஓசூர்: டிகிரி பெங்களூரில் முடித்தேன். கலந்தாய்வில் சிக்கல் வருமா?

தமிழ்நாட்டுக்காரர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்று கையில் இருந்தால் வராது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரம் இருக்காது.

ஓசூர் சிப்காட்: ஷிப்ட் வேலை. பெங்களூரில் வார இறுதி வகுப்பா, இக்னோவா (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்)?

ஷிப்ட் வாராவாரம் மாறினால் வார இறுதி வகுப்பில் வருகைப்பதிவு உதைக்கும். சனிக்கிழமை நிரந்தர விடுப்பு என்று மேலாளர் ஒப்புக்கொண்டால் மட்டும் வகுப்புக்காக அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுங்கள். இக்னோவில் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 4. நுழைவுத்தேர்வு இல்லை. சேர்க்கைக்கு டெப் ஐடி (பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி (படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். முதலில் பெயரைத் திருத்துங்கள்.

எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் யுஜிசி-டெப் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும்.

காரிமங்கலம்: எந்தக் கல்லூரி நல்லது?

நூறு சதவீத வேலைவாய்ப்பு என்ற பேனரை விடுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வேலை வாங்கியவர்கள் எத்தனை பேர், சம்பள வரிசையில் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, அதில் டார்கெட் கட்டும் விற்பனை வேலை எத்தனை என்று கேளுங்கள். எழுதித் தராத கல்லூரியில் சேராதீர்கள்.

கிருஷ்ணகிரி: சிப்காட்காரருக்குத் தப்பாக வழிகாட்டுகிறீர்கள். அஞ்சல் வழி எம்.பி.ஏ. செல்லாது!

செல்லும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் திரும்பவும் அறிவித்தது.

கிருஷ்ணகிரி, மறுபடியும்: எங்கள் கம்பெனியில் அதை வைத்து பதவி உயர்வு தரவில்லையே?

அது வேறு விஷயம். பட்டம் செல்லுபடியாவது சட்டம். பதவி உயர்வுக்கு எதைக் கணக்கில் எடுப்பது என்பது கம்பெனியின் கொள்கை. "முழுநேரப் படிப்பு மட்டும்" என்று தனியார் நிறுவனம் விதி வைக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: சேரும் முன் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது. சிப்காட்காரரும் இதைச் செய்யட்டும்.

போச்சம்பள்ளி: எங்களுடையது மாங்கூழ் ஆலை. படிப்பு உதவுமா?

உதவும். சீசனில் காய்க்குக் காசு கொடுத்து, டின் விற்கும் வரை பணம் முடங்கும் தொழில் இது. நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழிலை ஓட்டும் பணம்), அடக்கவிலைக் கணக்கு இரண்டையும் ஊன்றிப் படியுங்கள். முழுநேரம் வேண்டாம். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூனில் ஆலையை விட்டு நகர முடியாது, பெரும்பாலான தாள்களை டிசம்பருக்கு வையுங்கள்.

அரூர்: எந்தக் கல்லூரி நல்லது?

காரிமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

ஊத்தங்கரை: கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டா?

8 வருஷம் வரை உண்டு, பழைய வரிமுறையில் மட்டும். அசலுக்குக் கிடையாது.

பென்னாகரம்: ஏஜென்ட் ஒருவர் இன்றைக்கே முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் டெப் பட்டியல். அதில் இருந்தாலும் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு, ரசீதோடு.