மூன்றாம் பரிமாணத்தில் ஹோமர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் ஹோமர் முப்பரிமாண உலகுக்குள் விழும் பகுதியை அண்மையில் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஒரு சமன்பாடு மிதக்கிறது. 1782-இன் 12ஆம் அடுக்கையும் 1841-இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 1922-இன் 12ஆம் அடுக்கு வரும் என்கிறது அது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. அப்படியானால் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பொய்யா? (திருச்சி வாசகர்)

பதில்: தேற்றம் பொய்யாகவில்லை, உங்கள் கால்குலேட்டரின் திரை போதவில்லை. இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும், இரு முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவது முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பதுதான் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா எழுதிவைத்த கூற்று. நீங்கள் பார்த்த பகுதி 1995 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான ஹாலோவீன் சிறப்பு அத்தியாயத்தில் வருகிறது. கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் அந்தத் தேற்றத்துக்கு எழுதிய நிறுவல் அச்சில் வெளிவந்தது அதே ஆண்டு மே மாதத்தில். மூன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பு முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் ஒரு கார்ட்டூன் அதை மறுப்பதுபோல் ஒரு வரியைக் காட்டியது என்றால், அது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது.

இப்பகுதியை எழுதிய டேவிட் எஸ். கோஹன், ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். மயிரிழையில் தவறும் எண்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே அவர் ஒரு கணினி நிரல் எழுதினார். அது கண்டெடுத்த சமன்பாட்டின் இரு பக்கங்களும் 40 இலக்க எண்கள். முதல் ஒன்பது இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றுதான். பத்தாவது இலக்கம் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 9. பத்து இலக்கங்களை மட்டும் காட்டும் கருவி கடைசி இலக்கத்தை முழுமையாக்கிக் காட்டும்போது அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. உண்மையில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே 30 இலக்க எண்ணாகும். ஆனால் மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 360 கோடியில் ஒரு பங்குதான்.

இதைப் பொய் என்று காட்டக் கருவியே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரட்டைப்படை எண்ணை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படையே கிடைக்கும், ஒற்றைப்படைக்கும் அப்படியே. ஆகவே இடப்பக்கத்தில் 1782 தரும் இரட்டைப்படையும் 1841 தரும் ஒற்றைப்படையும் சேர்ந்து ஒற்றைப்படையாக வேண்டும். வலப்பக்கத்தில் 1922 தருவதோ இரட்டைப்படை. பள்ளிப் பிள்ளைகூட இந்த முரணைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஹோமர் புதிது கண்டுபிடிக்கும் ஆசையில் எடிசனைப் பின்பற்றப் புறப்படும் கதை, 1998 செப்டம்பரில் ஒளிபரப்பானது. அதில் அவர் கரும்பலகையில் எழுதும் இன்னொரு சமன்பாட்டில் இந்தக் குறை களையப்பட்டிருக்கிறது: 3987, 4365 ஆகியவற்றின் 12ஆம் அடுக்குகளைக் கூட்டினால் 4472-இன் 12ஆம் அடுக்கு. இங்கே ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சோதனை பலிக்காது. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலும் இரு பக்கமும் 6 என்றே முடிகிறது. ஆனால் 3987, 4365 இரண்டும் மூன்றால் மீதியின்றி வகுபடும். 4472-இன் இலக்கங்களைக் கூட்டினால் 17, அது வகுபடாது. அந்த ஒரு வரியில் இதுவும் உடைந்துவிடுகிறது.

என்னைப் பொறுத்தவரை இதில் மிக அழகான செய்தி 12 என்ற அடுக்கில் இருக்கிறது. ஓர் எண்ணின் 12ஆம் அடுக்கு என்பது அதன் கனத்தின் நான்காம் அடுக்குதான். நான்காம் அடுக்குக்குத் தீர்வில்லை என்பது ஃபெர்மாவே விட்டுச்சென்ற நிறுவலிலிருந்து கிடைத்துவிடுகிறது. எனவே கோஹனின் இரு சமன்பாடுகளையும் மறுப்பதற்கு வைல்ஸ் வரை வர வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: அதே காட்சியில் வேறு என்னென்ன ஒளிந்திருக்கின்றன? சிலர் ஒவ்வொரு புள்ளிக்கும் பொருள் சொல்கிறார்கள். எதை நம்புவது? (கோவை வாசகர்)

பதில்: நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான். காட்சியை நிறுத்திவைத்து, மற்றவர் சொல்லை நம்பாமல் நாமே சரிபார்க்க முடிந்தால் அதைக் குறிப்பு என்று கொள்ளலாம். விளக்கம் காட்சியைவிட நீண்டுகொண்டே போனால் விட்டுவிடலாம்.

அந்த அளவுகோலில் முதலில் தேறுவது, மிதந்து வரும் பன்னிரண்டு பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) எண்களின் வரிசை. ஒவ்வொன்றையும், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையின்படி எழுத்தாக மாற்றினால், தொடரில் வரும் விஞ்ஞானி பேராசிரியர் ஃபிரிங்கைப் புகழும் ‘ஃபிரிங்க் ரூல்ஸ்!’ என்ற வாசகம் கிடைக்கிறது. இடைவெளிக்கும் ஆச்சரியக்குறிக்கும்கூட எண் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றும் வீணாகவில்லை. 734 என்ற எண்ணைத் தொலைபேசிப் பொத்தான்களின் எழுத்துகளாகப் படித்தால் பி, டி, ஐ என்று வரும். அப்பகுதியின் கணினி வரைகலையைச் செய்துகொடுத்த பசிபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. பின்னணியில் ஒரு தேநீர்க் கெண்டியும் தெரியும். 1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய அந்தக் கெண்டியின் வடிவத்தை, கணினி வரைகலை பயின்ற எவரும் பார்த்த கணத்தில் அடையாளம் கண்டுகொள்வர். தங்கள் துறையின் முன்னோடிக்கு அந்தக் கலைஞர்கள் செய்த வணக்கமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

ஆய்லரின் புகழ்பெற்ற சமன்பாடும், கணினி அறிவியலில் இன்னும் விடை காணப்படாத ‘பி, என்பி இரண்டும் ஒன்றா’ (விடையை விரைவில் சரிபார்க்க முடிந்த கணக்குகளையெல்லாம் விரைவில் தீர்க்கவும் முடியுமா) என்ற கேள்விக்கு ‘ஒன்றே’ என்று துணிந்து சொல்லும் வரியும் அங்கே உண்டு. இவற்றைவிடக் கதையோடு இறுகப் பிணைந்தது வேறொன்று: பிரபஞ்சத்தின் பொருளடர்த்தி ஒரு வரம்பை மீறுகிறது என்று கூறும் சமனிலி. வரம்பை மீறினால், விரிந்த பிரபஞ்சம் ஒருநாள் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி விழும் என்பது அண்டவியலில் உள்ள முடிவு. சற்று நேரத்தில் ஒரு கூம்பு தரையைத் துளைக்க, அந்தத் துளைக்குள் ஹோமரின் முப்பரிமாண உலகம் முழுவதும் உறிஞ்சப்படுகிறது. கதை எப்படி முடியும் என்பதை அந்தச் சமனிலி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கேள்வி: ஃபிரிங்க் கரும்பலகையில் கனசதுரம் வரைந்து மூன்றாம் பரிமாணத்தை விளக்குகிறார், எல்லோரும் திகைக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே கனசதுரம் போலத்தானே இருக்கிறது? தவிரவும், முடிவில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் மாட்டிக்கொண்ட ஹோமர் அடுத்த கதையில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இவை தொடர்ச்சிப் பிழைகள் அல்லவா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இரண்டையும் நான் பிழையில் சேர்க்க மாட்டேன். முதலாவது, அந்தக் கதை நிற்கும் அடித்தளம். காகிதத்தில் வரையப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு உயரமும் அகலமும் மட்டுமே தெரியும் என்று எழுத்தாளர் வைத்துக்கொள்கிறார். அதை ஏற்றால்தான் ஹோமர் தன் உடலின் பருமனைக் கண்டு மிரள்வதற்குப் பொருள் உண்டு. படுக்கையருகே சுவருக்குள் நழுவி வேறு பரிமாணத்தில் தொலைந்த சிறுமியின் குரல் மட்டும் வீட்டில் கேட்கும் ‘ட்வைலைட் சோன்’ கதை 1962-இல் வந்தது. முப்பரிமாண உலகுக்குள் போன ஹோமரின் குரல் மட்டும் வீட்டாருக்குக் கேட்பது அங்கிருந்து வந்ததுதான். இரண்டாவதைப் பொறுத்தவரை, 1990 முதல் வரும் ஹாலோவீன் அத்தியாயங்கள் தொடரின் மற்றக் கதைகளோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. அவற்றில் இறந்தவர்களும் மறுவாரம் நலமாக வருவார்கள்.

உண்மையான பிழை வேண்டுமென்றால் தொடரின் தொடக்கத்துக்குப் போங்கள். 1990 ஜனவரியில் ஒளிபரப்பான மூன்றாவது அத்தியாயத்தில் ஹோமரின் முதலாளி பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் கருத்த நிறத்தவராகத் தோன்றுகிறார். பிறகு எப்போதும் மஞ்சள்தான். அது வண்ணம் தீட்டுவதில் நேர்ந்த தவறு. திருத்துவதற்குப் பணமில்லாததால் அப்படியே ஒளிபரப்பாயிற்று. முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் உருவங்கள் முந்தையவற்றைவிடப் பக்குவமின்றித் தெரிவதற்குக் காரணம், முதலில் தயாரானதே அதுதான் என்பது. அதன் அசைவூட்டம் மோசமாக இருந்ததால் பெரும்பகுதி மறுபடி செய்யப்பட்டு 1990 மே மாதத்தில் வெளிவந்தது. அதற்குள் 1989 டிசம்பரிலேயே கிறிஸ்துமஸ் கதையோடு தொடர் தொடங்கிவிட்டிருந்தது.

கேள்வி: இந்த எண் விளையாட்டுகளில் நம் ராமானுஜனுக்கு இடம் உண்டா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அவர் வளர்ந்த ஊரிலிருந்தே இக்கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஹோமரின் கதையில் அவர் இல்லை. ஆனால் கோஹன் பின்னர் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மாட் குரோனிங்குடன் சேர்ந்து 1999-இல் தொடங்கிய ‘ஃபியூச்சராமா’ தொடரில் இருக்கிறார்: பெண்டர் என்னும் ரோபோவுக்கு, அவனைச் செய்த இயந்திரம் அனுப்பும் வாழ்த்து அட்டையில் அவன் 1729ஆவது மகன் என்று எழுதியிருக்கிறது. இரு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியிடம் ராமானுஜன் சொன்ன எண் அது. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 1729; 12-இன் கனமோ 1728. அதாவது 1729-ம் ஃபெர்மாவின் தேற்றத்தை ஒன்றே ஒன்றால் தவறவிட்ட ஓர் எண்ணே. கோஹன் கணினியைக் கொண்டு தேடிய அதே வகைதான். ராமானுஜன் இப்படி ஒன்றால் மட்டும் தவறும் கனங்களை முடிவில்லாமல் உண்டாக்கும் முறையையே கண்டு, தம் கடைசிக் காலத் தாள்களில் எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றை நீங்கள் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்: 135-இன் கனமும் 138-இன் கனமும் சேர்ந்தால் 50,88,447, 172-இன் கனம் 50,88,448.