புது வீட்டு முன்தோட்டம்: இட்லிப் பூச்செடி ஏன் மஞ்சளாகிறது?

வணக்கம் நண்பரே. குடிபுகுந்து நான்கு மாதத்தில் வாசல் இட்லிப் பூச்செடிகளின் இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உரம் போட்டும் தேறவில்லை, பேசாமல் பேவர் கல் பதித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

குறை பெரும்பாலும் மண்ணில்தான். கொத்தனார்கள் சாந்து குழைத்த இடமும் பூச்சு உதிர்ந்த இடமும் அதுதானே? சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை உள்ளதாக, அதாவது புளிப்புக்கு நேரெதிராக, மாற்றிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப் பூவுக்குப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், அதனால் முதலில் வாடுவது அதுதான். ஒரு கைப்பிடி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

மேலே செம்மண் கொட்டி மூடினால் போதும் என்பார்கள். கேட்காதீர்கள், வேர் கீழே இறங்கியதும் பழைய கதைதான். செடி வைக்கும் இடத்தில் ஒன்றரை அடி தோண்டி, கட்டிட இடிபாடுகளை வெளியேற்றுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மண் மட்டம் வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் சரியட்டும், இல்லையென்றால் மழைநீர் அஸ்திவாரத்தில் தேங்கும்.

அப்புறம், அரளி இந்தச் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும். ஆனால் அது முழுக்க நஞ்சு, சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம். பேவர் கல் வண்டி ஏறும் தடத்துக்கு மட்டும் போடுங்கள்.