வாசகர் கேள்விகள்: ஓடிப்பிடித்து விளையாடும் பெரிய மனிதர்கள்

2018இல் வெளிவந்த ‘டேக்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். படத்தின் முடிவும் பேசப்படுவதால், இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இரண்டாம் கேள்வியைத் தாண்டிச் செல்லலாம்.

கோயம்புத்தூர் வாசகர்: ஐந்து நண்பர்கள் ஒன்பது வயதில் தொடங்கிய ஓடிப்பிடித்து விளையாட்டை, நடுவயதிலும் ஆண்டுதோறும் மே மாதம் முழுவதும் விடாமல் ஆடுகிறார்கள் என்று படம் சொல்கிறது. உண்மைச் சம்பவம் என்றும் சொல்கிறார்களே, எவ்வளவு உண்மை?

விளையாட்டு உண்மை; சாகசங்களில் பெரும்பாலானவை கற்பனை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போகேன் நகரில், இயேசு சபையைச் சேர்ந்த கொன்சாகா பிரெப் பள்ளியில் படித்த பத்து நண்பர்கள் இடைவேளைகளில் ஆடிய ஆட்டம் அது. 1982இல் பள்ளிப் படிப்பு முடிந்த நாளில் பிடிக்கும் முறை ஒருவரிடம் நின்றுவிட்டது. அவர் கடைசி நேரத்தில் ஒரு நண்பரைத் தேடிப் போக, செய்தி முன்பே எட்டிவிட்டதால் அந்த நண்பர் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாராம். அதன் பிறகு எல்லோரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து நண்பர்கள் கூடியபோது இந்தப் பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அப்போதுதான் வழக்கறிஞராகியிருந்த ஒருவர் முறைப்படி ஓர் ஒப்பந்தமே எழுதிவிட்டார். ஆட்டம் பிப்ரவரி மாதத்தில் மட்டும். தன்னைத் தொட்டவரையே உடனே திருப்பித் தொடக் கூடாது. ‘இப்போது பிடிப்பது நீயா’ என்று இன்னொருவர் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிப்ரவரி கடைசி நாள் நள்ளிரவில் முறை யாரிடம் நிற்கிறதோ, அவர் அடுத்த பதினொரு மாதம் நண்பர்களின் கேலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2013 ஜனவரியில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் ரஸல் ஆடம்ஸ் எழுதிய கட்டுரை மூலம் இது உலகத்துக்குத் தெரியவந்தது. அப்போது அவர்கள் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார். படத்தில் பத்துப் பேர் ஐவரானார்கள், பிப்ரவரி மே ஆனது, கட்டுரை எழுதிய ஆண் நிருபரின் இடத்தில் ரெபெக்கா என்ற பெண் நிருபர் வந்தார்.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு சம்பவம் படத்தில் உள்ள எந்தச் சண்டைக் காட்சியைவிடவும் எனக்குப் பிடித்தது. முறை தன்னிடம் இருந்த ஒருவர், நண்பர் வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, இரவு இரண்டு மணி வாக்கில் கார் நிறுத்துமிடத்தின் வழியாக இருட்டில் தடவித் தடவி உள்ளே நுழைந்து, பூனைபோல் நடந்து படுக்கையறைக்குப் போய் விளக்கைப் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த தோழி ‘ஓடு’ என்று கத்துகிறார். படுத்திருந்தவருக்கோ ஓட இடமில்லை. இதில் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. இருந்தும் திரைக்கதை ஆசிரியர்கள் காட்டுக்குள் பொறி வைப்பது வரை போயிருக்கிறார்கள்.

மதுரை வாசகி: கடைசியில் ஐந்து நண்பர்களில் ஒருவரான ஹோகிக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரியவரும்போது என் கணவரும் நானும் அழுதுவிட்டோம். உண்மையிலேயே அந்த நண்பர்களில் ஒருவருக்கு அப்படி நேர்ந்ததா?

செய்திக் கட்டுரையில் அப்படி எதுவும் இல்லை. இது படத்துக்காகச் சேர்த்தது. உங்கள் கண்ணீரைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஹோகியாக வரும் எட் ஹெல்ம்ஸ் அந்தக் காட்சியைப் பாசாங்கில்லாமல் நடித்திருக்கிறார், அவரை நம்பித்தான் அது நிற்கிறது. ஆயினும் படத்தோடு எனக்குள்ள முக்கியமான சண்டையே இந்த இடத்தில்தான்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கால்நடை மருத்துவரான ஹோகி, பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருக்கும் நண்பர் பாபைத் தொடுவதற்காக, அதே நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளராக நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலையில் சேருகிறார். ‘இந்தப் படிப்புக்கு இந்த வேலை எதற்கு’ என்று யாரும் விழிப்பார்கள். அவருக்கோ அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. தொட வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பு வருவதும், இந்த மனிதரை நமக்குப் பிடித்துப்போவதும் அந்தக் காரணமின்மையால்தான். கடைசியில் நோயைக் கொண்டுவந்து வைத்தவுடன், அவர் அதுவரை செய்த அத்தனைக்கும் ஒரு ‘நியாயமான’ காரணம் கிடைத்துவிடுகிறது. அடுத்த மே மாதத்துக்கு இருப்போமா என்ற பயத்தில்தான் இந்த ஆண்டு இத்தனை தீவிரம் என்று பார்வையாளர் புரிந்துகொண்டு மன்னித்துவிடுகிறார். மன்னிப்பு யார் கேட்டார்கள்? ஸ்போகேன் நண்பர்கள், யாரும் சாகக்கிடக்காமலே, இருபதுக்கும் மேற்பட்ட பிப்ரவரிகளில் விமானமேறியும் ஒளிந்தும் ஒருவரையொருவர் தேடிப் போயிருக்கிறார்கள். பெரியவர்கள் விளையாடுவதற்கு மரணத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று ஹாலிவுட் நினைப்பது, தன் கதையைத் தானே நம்பாத செயலாகவே எனக்குப் படுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மருத்துவமனைக் காட்சியின் பிற்பகுதி, அதாவது ஐவரில் அதுவரை ஒருமுறைகூடத் தொடப்படாத ஜெர்ரி தானே வந்து தொடவிடுவதும், பிறகு நடைபாதை முழுக்க எல்லோரும் ஓடுவதும், நோயைக் கழித்துவிட்டாலும் நிற்கக்கூடிய காட்சி. அதன் பிறகு திரையில் உண்மையான நண்பர்கள் எடுத்த காணொளித் துணுக்குகள் வருகின்றன. வயிறு சற்றுப் பெருத்த, தலை நரைத்த மனிதர்கள் வேடம் போட்டுப் பாய்கிறார்கள். நூறு நிமிடப் படத்தில் அந்தச் சில விநாடிகள்தான் மிகச் சிறப்பாக ‘இயக்கப்பட்டவை’ என்று சொன்னால் இயக்குநர் ஜெஃப் டாம்ஸிக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

திருச்சி வாசகர்: நாற்பது வயது ஆண்கள் இப்படி நடப்பது முதிர்ச்சியின்மை இல்லையா? இதை ரசிப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்சிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ என்ற நூலில் நல்ல விடை இருக்கிறது. விளையாட்டு என்பது அன்றாட வாழ்க்கைக்கு வெளியே, தனக்கென ஓர் இடமும் நேரமும் வகுத்துக்கொண்டு, தன் விதிகளை முழுமையாக மதித்து நடப்பது என்கிறார் அவர். விளையாட்டுக்கு எதிர்ப்பதம் தீவிரம் அன்று. தீவிரமில்லாமல் விளையாடவே முடியாது. அவர் செய்யும் இன்னொரு வேறுபாடு இந்தப் படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஏமாற்றுகிறவனை விளையாடுவோர் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் அவன் விதியை ஏற்றுக்கொண்டவனாகவாவது நடிக்கிறான். ‘எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம்’ என்று எழுந்து போகிறவனை மட்டும் மன்னிப்பதில்லை, ஏனெனில் அவன் அந்த உலகத்தையே உடைத்துவிடுகிறான்.

ஜெர்ரி திருமணத்துக்குப் பிறகு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறப்போகிறார் என்று கேட்டதும் மற்ற நால்வரும் ஏன் அப்படிப் பதறுகிறார்கள் என்பது இதனால் விளங்கும். தோல்வியில்லாமல் ஒருவர் விலகுவது அவர்களுடைய கௌரவப் பிரச்சினை என்று படம் மேலோட்டமாகச் சொன்னாலும், உள்ளே இருப்பது அவர் போய்விட்டால் மே மாதம் வெறும் மே மாதமாகிவிடும் என்ற அச்சம். தொழில், மணமுறிவு, மருந்து, மனநல ஆலோசகர் என்று ஆளுக்கொரு வாழ்க்கையில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவதற்கு அந்த விதிகள்தான் சாக்கு. முதிர்ந்த ஆண்களுக்கு ‘உன்னைப் பார்க்கத் தோன்றியது, வந்தேன்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது திருச்சியில் இருப்பவருக்கும் தெரியாததன்று.

சேலம் வாசகர்: ஜெர்ரியாக நடித்த ஜெரமி ரென்னர் படப்பிடிப்பில் கையை உடைத்துக்கொண்டாராமே?

ஒரு கையன்று, இரண்டும். 2017இல் படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, அடுக்கிவைத்த நாற்காலிகள் சரிந்த ஒரு காட்சியில் அவருடைய வலது முழங்கையிலும் இடது மணிக்கட்டிலும் முறிவு ஏற்பட்டது. கட்டோடு தொடர்ந்து நடித்தார். கட்டுத் தெரியும் இடங்களில் கணினி வரைகலையால் கைகளைப் பொருத்தினார்கள். யாராலும் தொட முடியாத மனிதராக நடித்தவருக்கு இப்படி நேர்ந்தது வேடிக்கைதான். மற்றபடி, கதை நடப்பது ஸ்போகேனில் என்றாலும் படம் எடுக்கப்பட்டது நாட்டின் மறுகோடியில், அட்லான்டா பகுதியில்.

புதுச்சேரி வாசகி: ஹோகியின் மனைவி அன்னாதான் எல்லோரையும்விட வெறியோடு அலைகிறார். ஆனால் அவரை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. இது கேலியா, நியாயப்படுத்தலா?

கேலியாகத் தொடங்கி, பாதியில் மறந்துபோன கேலி என்பேன். ஒன்பது வயதுச் சிறுவர்கள் எழுதிய விதியில் பெண்களுக்கு இடமில்லை; அந்தச் சிறுவர்கள் வளர்ந்து, பெண்களோடு குடும்பம் நடத்தும்போதும் விதியைத் திருத்தத் தோன்றவில்லை. அன்னாவாக நடித்த ஐலா ஃபிஷர் அந்த அநியாயத்தைச் சொல்லாமல் சொல்கிறார்: திட்டம் தீட்டும்போது ஆண்களைவிட வேகம், தொடும் உரிமை மட்டும் இல்லை. கடைசியில் மருத்துவமனையில் பெண்களும் ஓடுகிறார்கள் என்பது ஆறுதல்தான்.

ஆனால் ஜெர்ரியின் மணமகள் சூசன், கருவுற்றதாகவும் பிறகு கரு கலைந்துவிட்டதாகவும் சொல்லி நண்பர்களைத் திசைதிருப்பும் பகுதி எனக்குச் சிறிதும் சிரிப்பை வரவழைக்கவில்லை. அந்த வேதனையை அனுபவித்தவர்கள் திரையரங்கில் பலர் இருப்பார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தோன்றாதது வியப்பு.

வேலூர் வாசகர்: பள்ளி செல்லும் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். தலைப்பைப் பார்த்துக் குழந்தைகள் படம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் பெரியவர் துணையின்றிப் பதினேழு வயதுக்குட்பட்டோர் பார்க்கக் கூடாது என்ற சான்றிதழ் பெற்ற படம் இது. வசைச்சொற்களும் கஞ்சாப் புகையும் தாராளம்.

தேனி வாசகர்: படத்தைப் பார்த்த பிறகு, பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் இப்படி ஓர் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இருவர் சென்னையில், ஒருவர் ஓசூரில், மற்றவர்கள் ஊரில். என்ன யோசனை சொல்வீர்கள்?

முதலில் மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி வேண்டாம், பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவீர்கள், ஒரே நாளில் ஆட்டம் சலித்துவிடும். ஸ்போகேன் நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால்தான் அவர்களுடைய ஆட்டம் சுவைத்தது. தொடுவதற்காக ஒருவர் பயணச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. மார்ச்சும் ஏப்ரலும் பிள்ளைகளின் தேர்வுக்காலம், வீட்டில் வசவு விழும். ஜூலையோ ஆகஸ்டோ பார்க்கலாம்.

அவர்களுடைய மூன்று விதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக உண்மையைச் சொல்லும் விதியை. அது இல்லையென்றால் மாதம் முழுவதும் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்து, தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டீர்கள், நோக்கமே கெட்டுவிடும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரையும், படிக்கட்டில் நிற்பவரையும் தொடக் கூடாது என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. அந்த நண்பர்களில் ஒருவர், கலிஃபோர்னியாவுக்குக் குடிபோயிருந்த இன்னொருவரைத் தொடுவதற்காகச் சியாட்டிலிலிருந்து விமானத்தில் போய், ஒரு காரின் பின்பெட்டிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டார். காரைக் காட்டுகிறேன் வா என்று உள்ளூர் நண்பர் அழைத்துவந்து பின்பெட்டியைத் திறக்க, உள்ளிருந்தவர் பாய்ந்து தொட்டுவிட்டார். உடன் வந்திருந்த மனைவி அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்து, நடைமேடை விளிம்பிலிருந்து தவறி விழுந்து, முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. ஒளிந்திருந்தவர் அதற்காகப் பின்னாளிலும் வருந்தினார். ஆனாலும் தொட்டது தொட்டதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உங்கள் ஆறு பேரில் யாராவது பின்பெட்டியில் படுக்க முடிவு செய்தால், தேனி வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே ஆள் இருப்பது காரின் சாவியை வைத்திருப்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.