ஒளிவட்டத்தைப் படம் பிடித்துச் சக்கரங்களின் நிலையைச் சொல்ல முடியுமா?

மனித உடலைச் சுற்றி வண்ண ஒளிவட்டம் இருப்பதாக யோக நூல்கள் சொல்கின்றனவா, அதைக் கருவியால் படம் பிடித்து ஏழு சக்கரங்களில் எது அடைபட்டிருக்கிறது என்று கண்டறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கரங்களை, அதாவது ஆதாரங்களைப் பற்றி நம் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் அவை பேசுவது படத்தில் விழக்கூடிய ஒரு பொருளைப் பற்றி அன்று, சாதகன், அதாவது பயிற்சி செய்பவன், செய்ய வேண்டிய ஒரு செயலைப் பற்றி. கொடைக்கானலில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியைச் சீசன் மாதங்களில் அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் இதற்கு முதன்மையான நூல் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசுகிறது. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்கினை என்னும் ஆறு ஆதாரங்களும் (இன்று ஏழாவதாக எண்ணுவது உச்சந்தலையில் உள்ள சகஸ்ராரம்) மூச்சின் வழிகளான இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகளும் நமக்கு அந்த மரபின் வழியாக வந்தவை. யோகம் பயிலாதவர்கள்கூட விநாயகர் அகவலில் 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த அடிகள் முழுவதிலும் கணபதி அறிவிக்கிறார், காட்டுகிறார், நிறுத்துகிறார். கேட்பவன் 'காலால்', அதாவது மூச்சைக் கொண்டு, கனலை எழுப்புகிறான். அடுத்தவர் உடலைப் பார்த்து அவருடைய மூலாதாரம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் வித்தை அங்கே இல்லை. சைவ மரபு இன்னும் ஒரு படி மேலே போய், திருவாரூரை மூலாதாரம், திருவானைக்காவைச் சுவாதிட்டானம், திருவண்ணாமலையை மணிபூரகம், தில்லையை அநாகதம், காளத்தியை விசுத்தி, காசியை ஆக்கினை என்று நிலத்தின் மீதே ஆதாரங்களை அமைத்துக்கொண்டது. மனத்தை எங்கே வைத்து வழிபடுவது என்பதே இந்த அமைப்பின் நோக்கம் என்று நான் கொள்கிறேன்.

இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் சக்கரப் படங்களுக்கு வேர், வங்காளத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577இல் எழுதிய சட்சக்ர நிரூபணம் என்னும் வடமொழி நூல். ஜான் உட்ராஃப் அதை 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகே அது மேலை நாடுகளுக்குப் பரவலாக எட்டியது. அதில் தாமரைகளாக வருணிக்கப்படும் ஆறு சக்கரங்களுக்கும் முறையே 4, 6, 10, 12, 16, 2 என்று இதழ்கள் சொல்லப்படுகின்றன. கூட்டினால் 50 வரும். ஐம்பது இதழ்களுக்கும் வடமொழியின் ஐம்பது எழுத்துகள். சாதகன் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மனத்தால் அங்கே பதிக்கிறான், அதற்குத்தான் இதழ்கள். நிறங்களைப் பார்த்தால் வானவில் வரிசை எங்கும் இல்லை. மூலாதாரத்தில் நிலத்தின் மஞ்சள் சதுரம் இருக்கிறது, மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேக நிறம், அதன் நடுவே தீயின் சிவந்த முக்கோணம், அநாகதத்தில் புகை நிறம். இதயச் சக்கரமான இந்த அநாகதம் பச்சை என்று இன்று சிறுவர்களுக்கும் தெரியும். அந்த நூலுக்குத் தெரியாது. எண்ணிக்கையிலும் ஒற்றுமை கிடையாது: நாத யோகிகளின் மரபைச் சேர்ந்த நூல் ஒன்று 9 சக்கரங்களைக் கூறுகிறது, வேறு சில தந்திர நூல்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. நுரையீரல் இரண்டா, மூன்றா என்று எந்த மரபும் வாதிட்டதில்லை. ஆதாரங்களின் எண்ணிக்கையோ பயிற்சிக்கு ஏற்ப மாறுகிறது.

வண்ண ஒளிவட்டம் வந்த வழி வேறு. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர், 1902இல் மனிதனைச் சுற்றிய ஒளிப்படலங்களை வண்ணப் படங்களாக வெளியிட்டார். 1927இல் சக்கரங்களைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, தம் ஞானதிருஷ்டியில் கண்டபடி என்று சொல்லி, சுவாதிட்டானத்தை விட்டுவிட்டு மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தார். (அச்சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1883இல் உதகையில் வந்து தங்கியிருந்தார் என்பதால், நம் அண்டை மலைக்கும் இக்கதையில் ஒரு சிறு இடம் உண்டு.) வானவில் வரிசை நிலைபெற்றதோ 1970களில், மேலை நாடுகளில். நம் நூல்களில் தெய்வத் திருமேனிக்குப் பின்னே திருவாசி உண்டு, யோகிக்குத் தேசு என்னும் ஒளி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் யோகத்தின் முதற்பலன்களைப் பட்டியலிடும் சுவேதாசுவதர உபநிடதம் உடல் இலேசாதல், நோயின்மை, மேனிப் பொலிவு, இனிய குரல் என்று சொல்லி, மலமும் சிறுநீரும் குறைதல் என்று முடிக்கிறது. இந்தக் கடைசிப் பலனை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

கருவிகளுக்கு வருவோம். 1939இல் ரஷ்யாவில் கிர்லியன் கண்டறிந்த முறையில், தட்டின் மீது வைத்த விரலைச் சுற்றி ஒளி தெரிவது உயர் மின்னழுத்தம் காற்றில் கசிவதால். விரலின் ஈரம் மாறினால் படமும் மாறும். சந்தைகளில் வைத்திருக்கும் ஒளிவட்டக் கேமராவோ உள்ளங்கையின் மின்கடத்தலை அளந்து, அந்த எண்ணுக்கு ஒரு நிறத்தை ஒதுக்கி, உங்கள் புகைப்படத்தின் மேல் பூசித் தருகிறது. என்னிடம் பயிலும் ஒருவர் அப்படியொரு படத்தோடு வந்தார். பச்சை குறைவு, அநாகதம் அடைபட்டிருக்கிறது, ஆகவே கல் பதித்த மாலை அணிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குளிரில் கை விறைத்துப்போய் நின்றவருக்கு வேறு என்ன நிறம் வந்திருக்கும்?

உடலிலிருந்து ஒளி வெளிப்படுவது உண்மைதான். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முற்றிலும் இருண்ட அறையில், மிகவும் குளிரூட்டப்பட்ட கேமராவால் அதைப் பதிவு செய்தார்கள். அது கண்ணுக்குத் தெரியக்கூடிய அளவைவிட ஆயிரம் மடங்கு மங்கலானது, பிற்பகலில் கூடுவது, உயிர்வேதி வினைகளின் விளைவு. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது விழ வாய்ப்பே இல்லை.

தலையைச் சுற்றிய வண்ண வட்டத்தைக் கண்ணாலேயே காண விரும்புகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஓர் இடம் இருக்கிறது. 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக்கில், கதிரவன் முதுகுக்குப் பின்னாலும் மூடுபனி பள்ளத்தாக்கிலும் இருக்கும்போது, உங்கள் நிழல் பனியின் மேல் விழுந்து அதன் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். பக்கத்தில் நிற்பவரின் நிழலுக்கு வளையம் இருப்பதாக உங்களுக்குத் தெரியாது. அவருக்கோ அவருடைய தலைக்கு மட்டும்தான் தெரியும். கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்து எடுத்தால் படத்தில் வளையம் கைப்பேசியின் நிழலைச் சூழ்ந்து நிற்கும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் நிகழும் இது, பார்க்கும் கண்ணைப் பொறுத்ததே தவிர உடலைப் பொறுத்தது அன்று.

அப்படியானால் பயிற்சியில் உணரும் வெப்பமும் முதுகுத்தண்டில் ஏறுவது போன்ற சிலிர்ப்பும் பொய்யா என்றால், இல்லை. ஓரிடத்தில் கவனத்தை நிறுத்தி மூச்சை நீட்டினால் உடல் மாறுகிறது. 2001இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், செபமாலை மன்றாட்டைச் சொன்னபோதும் திபெத்திய மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதனோடு இசைந்து அசைந்தன. சலேத் மாதா கோவிலில் செபமாலை சொல்லும் என் மாணவியர்க்கு, இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தி விரைவில் பிடிபடுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

நீங்கள் தொடங்க விரும்பினால் கும்பகம் (மூச்சை அடக்குதல்) இல்லாத நாடிசுத்தியிலிருந்து தொடங்குங்கள். மூச்சு சீராக ஓடிய பிறகு கவனத்தை நெஞ்சின் நடுவில் வையுங்கள், நிறம் எதையும் தேட வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மூச்சை அடக்கக் கூடாது. சக்கரம் திறந்துவிட்டது என்று யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூருக்கு வந்த முதல் நாளிலேயே கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைச் செய்யாமல், ஓரிரு நாள் நடந்து பழகிய பிறகு அமர்வது நல்லது.