அகாகி - வாஷிஸு ஆட்டத்துல மறைஞ்ச டைலை எப்படி கணிக்கறது

'அகாகி'ங்கற ஜப்பானிய மங்காவுல (காமிக்ஸ்) அகாகியும் வாஷிஸுவும் ஆடற மாஜாங்ல, அதாவது டைல்ஸை செட் சேர்க்கற ஆட்டத்துல, கண்ணாடி டைல்ல எதிராளி கை பாதிக்கு மேல தெரியுதே, அப்புறம் எப்படி ஏமாத்த முடியும்னு கேட்டீங்க. தெரியற டைல்ஸை வெச்சுத்தான் ஏமாத்தறாங்க. ஒவ்வொரு வகையிலயும் நாலுல மூணு கண்ணாடி, ஒண்ணு மட்டும் சாதா டைல், அப்போ 13 டைல் கையில சராசரியா மூணு நாலு மறைஞ்சிருக்கும், அது போதும் கதையையே மாத்த.

உங்களுக்கு குழப்பம் வந்த இடம் இதுவா இருக்கலாம்: கண்ணாடியில பின் (வட்டம் போட்ட டைல் வகை) 4, 5 தெரிஞ்சா உடனே ஜெயிக்க 3 இல்லன்னா 6-க்கு வெயிட் பண்றான்னு முடிவு பண்ணிடறோம், ஆனா மறைஞ்சதுல ஒண்ணு 3-ஆ இருந்தா அந்த 3-4-5 செட் ஏற்கனவே முடிஞ்சிருச்சு, நிஜ வெயிட் வேற எங்கயோ இருக்கு. எனக்கு இந்த மேட்ச்ல ரொம்ப பிடிச்சதே இதுதான்.

மங்காவுல அந்த பக்கத்தை திரும்ப எடுத்து இப்படி பாருங்க:

1. சாதா பின் 3 யார்கிட்ட? ஹீரோ அகாகி கையிலயோ, கீழ போட்ட டைல்ஸ்லயோ இருந்தா எதிராளிகிட்ட மறைஞ்ச 3 இருக்கவே முடியாது, ஏன்னா அது ஒண்ணே ஒண்ணுதான்.

2. எதிராளி முன்னாடி போட்டதுல 6 இருக்கா? இருந்தா ஃபுரிட்டென் (தான் வெயிட் பண்ற டைலையே முன்னாடி போட்டுட்ட நிலை), 3-6 வெயிட்ல அவன் 6 மட்டுமில்ல, 3-லயும் ரான் (அடுத்தவங்க போட்ட டைல்ல ஜெயிக்கறது) சொல்ல முடியாது.

ஆனா ஃபுரிட்டென் ரானை மட்டும்தான் தடுக்கும், அவனே டைல் எடுத்து ஜெயிக்கலாம், அதுக்கு பேரு ட்சுமோ. அதோட அது அவனுக்கு மட்டும்தான், மேசையில மத்த ரெண்டு பேர் அதே டைல்ல ரான் சொல்லலாம், அவங்க போட்டதையும் தனியா பாருங்க.