கிளவுடில் இருக்கிறதாம், அழிக்கலாமா?

கேள்வி: போனில் இடமில்லை. “படமெல்லாம் கிளவுடில் ஏறிவிட்டது, போனில் இருப்பதை அழித்துவிடுங்கள்” என்கிறார் மொபைல் கடைக்காரர். நம்பலாமா? அதென்ன கிளவுட்?
– வாசகர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கடைக்காரர் பேச்சைக் கேட்டு அழித்துவைக்காதீர்கள். எங்கோ ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உங்களுக்கு ஒதுக்கிய இடம்தான் கிளவுட். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதற்குள்தான்; ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் (காப்புப் பிரதி) அங்கேதான் உட்காருகிறது. படம் ஒன்று 4 எம்பி என்றால் 3,000 படத்துக்கே 12 ஜிபி போய்விடும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும், புது மெயிலும் வராது. தரம் குறைத்து ஏற்றினால் கணக்கில் சேராது என்ற சலுகை 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. அது தெரியாமல் இன்னமும் ‘அன்லிமிடெட்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பலர் ஏமாறுவது அழிக்கும் இடத்தில்தான். கூகுள் போட்டோஸுக்குள் போய் ‘டெலிட்’ கொடுத்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைத்திருப்பதுதானே சிங்க்கின் வேலை! ஏறிய படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். போனில் மட்டும் காலி செய்ய ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக இருக்கிறது. அது ஏறி முடிந்தவற்றை மட்டுமே போனிலிருந்து எடுக்கும்.

அதைத் தொடுவதற்கு முன், வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து போன வாரம் எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால், வைஃபையில் மட்டும் ஏற்று என்று அமைத்திருக்கலாம். அப்படியிருந்தால் வைஃபை இல்லாதவருக்கு ஒன்றும் ஏறியிருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படங்கள் தனி ஃபோல்டர். அதற்கான பேக்கப்பை நீங்களேதான் ஆன் செய்யவேண்டும்.

கிளவுடே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்படியொரு நாளில் வீட்டு ஹார்ட் டிஸ்க் நனைந்தாலும் வெளியூர்ப் பிரதி பிழைக்கும். ஆனால் டவர் விழுந்தால் அதை எட்ட முடியாது. ஆகவே ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று.

போன் தொலைந்தால் ஓடிபி வரும் சிம்மும் கூடவே போய்விடும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பு) ஆன் செய்தால், ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க 10 பேக்கப் கோடுகள் எடுக்கலாம். அவற்றைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள்.