வேதியியல் புத்தகத்துக்குள் வந்தியத்தேவன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமம். ஸ்கூல் பஸ் தினமும் வீராணம் ஏரிக்கரை வழியாகத்தான் போகும். காலாண்டு லீவில் பெரியப்பா வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்தேன். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது எங்கள் ஏரிக்கரை என்று தெரிந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க மனசே வரவில்லை. இப்போது இரண்டாம் பாகம் முடியப் போகிறது.

ராத்திரி வேதியியல் புத்தகத்தை விரித்து அதற்குள் நாவலை வைத்து ஒரு மணி வரை படிக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பாப்பா படிக்குது, டிவி சத்தத்தைக் குறைங்க” என்று அப்பாவிடம் சொல்லும்போது அழுகை வருகிறது. ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன். மற்ற பாடங்கள் எப்படியோ ஓடுகின்றன. வேதியியல் யூனிட் டெஸ்டில் ஃபெயில். கரிம வேதியியல் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. அடுத்த மாதம் அரையாண்டுத் தேர்வு. நாவலைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா?

– பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

அடிமை என்ற பெரிய பேச்செல்லாம் வேண்டாம். உன்னைப் பிடித்து வைத்திருப்பது நல்ல எழுத்து. அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி பிரச்சினை தீரும்.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். வாசகர் அடுத்த இதழையும் தேடி வாங்க வேண்டும் என்பதால் பல அத்தியாயங்கள் ஒரு திடுக்கிடலில் போய் நிற்கும். அந்தக் காலத்து வாசகருக்கு அதற்கு மேல் படிக்க வழியில்லை, ஒரு வாரம் காத்திருந்தே ஆக வேண்டும். உன்னிடம் அடுத்த அத்தியாயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. ‘இந்த அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்’ என்று நீ எடுக்கும் முடிவு தோற்பது அதனால்தான். நிறுத்தவே முடியாத இடத்தைப் பார்த்து நிறுத்தப் பார்க்கிறாய். அத்தியாயத்தின் நடுவில் மூடு. முந்தைய முடிச்சு அவிழ்ந்து, அடுத்தது விழாத இடம் அது.

திருப்பிக் கொடுக்காதே. கொடுத்தால் கதை மனசுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாதியில் விட்ட காரியத்தை எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அதைப் பற்றிய நினைப்பின் தொந்தரவு குறைகிறது என்று 2011-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. ஆகவே நேரம் குறி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும், நாவலை நாவலாகவே வைத்துப் படி. மூன்றாம் பாகத்தை அரையாண்டு முடியும் வரை பெரியப்பா வீட்டிலேயே விட்டு வை. உன் வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் தங்குவதும் தூக்கத்தில்தான்.

உன் கடிதத்தில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. நாவல் ஒளிந்திருப்பது தமிழ்ப் புத்தகத்துக்குள்ளும் அல்ல, உயிரியலுக்குள்ளும் அல்ல. வேதியியலுக்குள்தான். புரியாத பாடத்தைத் திறந்ததும் ஒரு பயம் வருகிறது, வந்தியத்தேவன் பக்கம் போனால் அது அடங்குகிறது. நாவலைப் பறித்தால் கை செல்போனைத் தேடும், அவ்வளவுதான். எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

நாளைக்கே வேதியியல் ஆசிரியரிடம் போய், கரிம வேதியியலில் வரும் ஹைட்ராக்சி சேர்மங்கள் பாடத்தில் எந்த வரியிலிருந்து புரியவில்லை என்று விரலை வைத்துக் காட்டு. “எல்லாமே புரியலை சார்” என்று மட்டும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. பெயர் வினைகளை, அதாவது கண்டுபிடித்தவர் பெயரால் வழங்கும் வேதிவினைகளை, ஒரே இரவில் முப்பது மனப்பாடம் செய்வதைவிட, தினமும் மூன்றைப் பார்க்காமல் எழுதிப் பார். எழுதி முடித்த பிறகு நாவலுக்குப் போ. அந்த வரிசை மாறக் கூடாது.

அம்மாவிடம் இந்த வாரமே சொல்லிவிடு. திட்டுவார், ஒருவேளை அழுவார். ஒளித்துப் படிப்பதில் நீ படும் வேதனை அதைவிடப் பெரிது. பயத்தில் சாப்பாடோ தூக்கமோ கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழை. இலவசம்தான், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.